பழைய கல் வீட்டின் வரலாற்றையும் அதன் உரிமையாளர்களையும் தேடி எழுதுவது எப்படி

உதகமண்டலத்தில் அரசு கலைக் கல்லூரி அமைந்துள்ள குன்றை மக்கள் இன்றும் ஸ்டோன்ஹவுஸ் என்றே அழைக்கிறார்கள். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் அங்கே கட்டத் தொடங்கிய வீட்டிலிருந்து வந்த பெயர் அது. உதகையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடான அதை மலைவாழ் மக்கள் கல் பங்களா என்றார்கள். சென்னை அரசாங்கம் கோடைதோறும் உதகைக்கு இடம்பெயர்ந்த காலத்தில் அந்த இடம் அரசு அலுவலகமாகப் பயன்பட்டது. 1955-இல் கல்லூரி வந்தது. இந்த நான்கைந்து வரிகளை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படித்துவிடலாம். ஆனால் ஒரு வீட்டின் வரலாறு என்று நான் கருதுவது இதைவிடப் பெரியது. நிலம் யாரிடமிருந்து வந்தது, கல்லை யார் உடைத்தார், யார் விற்றார், எந்தக் கடனுக்காக விற்றார், விற்ற பிறகும் அதில் குடியிருந்தவர் யார் என்பவையெல்லாம் சேர்ந்ததுதான் வீட்டின் வரலாறு.

உங்கள் ஊரில் அல்லது குடும்பத்தில் உள்ள பழைய கல் வீட்டுக்கு இப்படி ஒரு வரலாறு எழுத விரும்பினால் எங்கே தொடங்குவது, எதை நம்புவது, எங்கே ஏமாறுவோம் என்பதை என் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். கல் பங்களாவை உதாரணமாக அவ்வப்போது எடுத்துக்கொள்கிறேன். பெயர் பெற்ற வீட்டுக்கும் பெயரில்லாத வீட்டுக்கும் தேடும் முறை ஒன்றுதான்.

முதலில் கல்லைப் பாருங்கள்

பத்திரங்களைத் தேடிப் போவதற்கு முன் ஒரு முழு நாளை வீட்டுக்கு ஒதுக்குங்கள். உரிமையாளரின் அனுமதியோடு, காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் போவது நல்லது. நேர் வெளிச்சத்தில் வெறும் சுவராகத் தெரியும் இடத்தில், சாய்வெளிச்சத்தில் எழுத்து தெரியும். வெயில் படாத உள்சுவராக இருந்தால் டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தின் மேல் வரையக் கூடாது. கம்பித் தூரிகையும் அமிலமும் கூடவே கூடாது. தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும்.

கருங்கல்லின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால், விரல் நுழையும் அளவில் வரிசையாகச் சிறு குழிகள் தெரியலாம். பாறையில் வரிசையாக ஆப்புக் குழி வெட்டி, ஆப்பு இறக்கிப் பிளந்த கல் அது. ஒரே சுவரில் கீழ் வரிசைக் கற்கள் ஒரு விதமாகவும் மேல் வரிசைக் கற்கள் வேறு விதமாகவும் உடைக்கப்பட்டிருந்தால், வீடு இரண்டு முறையாகக் கட்டப்பட்டிருக்கக்கூடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து இணைப்புக் காரை. சுண்ணாம்புக் காரை வெண்மையாக, நகத்தால் சுரண்டினால் உதிரும்; சிமெண்டு சாம்பல் நிறமாக இறுகியிருக்கும். சென்னையில் சிமெண்டு தயாரிக்கப்பட்டதே 1904-இல்தான். ஆகவே 19-ஆம் நூற்றாண்டு வீடு என்று சொல்லப்படும் சுவரின் உள்ளே சிமெண்டு இருந்தால், அந்தச் சுவராவது பெரும்பாலும் பிற்காலத்தது. பழைய சுவரின் மேல்பூச்சில் மட்டும் சிமெண்டு இருப்பது வேறு. அது பழுதுபார்த்த அடையாளம்.

கூரை ஓடுகளில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓடுகளின் பின்புறம் தயாரித்த ஆலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறித்தவ மறைப்பணி அமைப்பு மங்களூரில் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கியது 1865-இல். எனவே அத்தகைய ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. வீடு முந்தையதாக இருக்கலாம். கூரையின் வயதை வீட்டின் வயதாக எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

வாசக்காலின் மேல் பொறித்த ஆண்டிலும் இதே ஆபத்து உண்டு. நான் தேடிய கொங்கு நாட்டுக் கல் வீடு ஒன்றின் முகப்பில் 1934 என்று பெரிதாகச் செதுக்கியிருந்தது. குடும்பத்தார், ஊரார், நான் உட்பட அனைவரும் அதைக் கட்டிய ஆண்டு என்றே நினைத்திருந்தோம். பின்னர் அடுத்த வீட்டுக்காரர் பெட்டியில் கிடைத்த 1909-ஆம் ஆண்டு அடமானப் பத்திரத்தின் எல்லை விவரத்தில், தன் இடத்துக்குக் கிழக்கில் இன்னாருடைய கல் வீடு என்று ஒரு வரி இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீடு கல் வீடாக நின்றிருக்கிறது. 1934 என்பது முன் திண்ணையையும் முகப்பையும் இடித்துக் கட்டிய ஆண்டு. திண்ணைக் கல்லுக்கும் உள்சுவர்க் கல்லுக்கும் இருந்த நிற வேறுபாட்டை நான் முதல் நாளே பார்த்திருந்தும், அதன் பொருள் அந்த வரியைப் படித்த பிறகுதான் விளங்கியது.

இன்றைய பத்திரத்திலிருந்து பின்னோக்கி நடங்கள்

வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து எழுதலாம். தேடும்போது மட்டும் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். துரை கட்டினார், ஜமீன் கட்டினார் என்ற செவிவழிச் செய்தியைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி வந்தால், இடையில் வேறொரு வீட்டின் பாதைக்குள் நுழைந்துவிடுவோம். சல்லிவன் விஷயத்திலேயே இது நடக்கிறது. அவர் 1819-இல் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் கட்டிய பெத்தக்கல் பங்களாவும் உதகையின் கல் பங்களாவும் வெவ்வேறு வீடுகள். ஒருவருடைய பெயர், ஒரே மலை, இரண்டின் பெயரிலும் கல். இதனால் ஒன்றின் ஆண்டை மற்றொன்றுக்கு எழுதிவிடுகிறார்கள். இன்றைய புல எண்ணிலிருந்து, அதாவது நில அளவை எண்ணிலிருந்து, பின்னோக்கிப் போகிறவருக்கு இந்தக் குழப்பம் வராது.

இப்போதைய உரிமையாளரிடமுள்ள பத்திரத்தில், இந்தச் சொத்து எனக்கு எவ்வாறு பாத்தியப்பட்டது என்று விற்பவர் சொல்லும் பகுதி ஒன்று இருக்கும். முந்தைய பத்திரத்தின் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவை அதில் கிடைக்கும். அந்தப் பத்திரத்தின் நகலைப் பெற்று, அதிலிருந்து அதற்கு முந்தையதற்குப் போக வேண்டும். இப்படிப் படிப்படியாக, கிடைப்பவற்றில் மிகப் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரம் வரை செல்லலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரங்களை, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, பார்க்க முடியும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், உங்கள் ஊர் 1920-இல் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதை முதலில் கேட்டறியுங்கள். ஒரு முறை நான் இதைக் கேட்காமல், பதிவேடே இல்லாத அலுவலகத்தில் மூன்று நாள் காத்திருந்தேன்.

சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில், அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் பதிவாகும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களின்படியும் மற்றொன்று கிராமம், சொத்து ஆகியவற்றின்படியும் அமைந்தது. பெரும்பாலானவர்கள் பெயரை மட்டும் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சொத்து அட்டவணையைக் கேளுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நான்கு சொத்துக்களின் பத்திரங்களும் அதில் அகப்படும். பழைய பத்திரத்தில் செக்குபந்தி என்று எழுதியிருக்கும் நான்கெல்லை விவரம், வீட்டு வரலாற்றுக்குக் கிடைக்கும் மிக நேர்மையான சாட்சி. தன் வீட்டைப் பற்றி எழுதும்போது மிகைப்படுத்தக் காரணம் உள்ளவருக்கு, பக்கத்து வீட்டைக் குறிப்பிடும்போது அந்தக் காரணம் இருப்பதில்லை. 1909-ஆம் ஆண்டின் அந்த ஒரு வரியை நான் கண்டதும் இப்படித்தான்.

உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். பதிவு செய்யப்பட்ட உயிலின் நகலை, எழுதியவர் காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிரயப் பத்திரத்தில் அளவும் விலையும்தான் இருக்கும். உயிலில் எந்த அறை யாருக்கு, எந்தக் கதவு யாருக்குப் பொது, விதவை மருமகள் எந்தத் தாழ்வாரத்தில் இருக்கலாம் என்பது வரை எழுதியிருக்கும். வீட்டின் உள்ளமைப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் கண்டதில்லை.

சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் கலங்க வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவுப் பத்திரத்தால்தான் செய்ய வேண்டும் என்றது. அதற்குக் குறைந்த மதிப்புள்ளதைச் சுவாதீனம் கொடுத்தும், அதாவது சொத்தை நேரில் ஒப்படைத்தும் விற்கலாம். அந்தக் காலத்தில் கிராமத்து வீடுகள் பல நூறு ரூபாய்க்குள் கைமாறின. குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினைக்கும் பதிவு இராது. இத்தகைய இடங்களில் வீட்டு வரிப் பதிவேடு, அடமானப் பத்திரம், நீதிமன்ற வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றால் இடைவெளியை அடைக்க முயலலாம்.

வருவாய்த்துறை ஆவணங்களைப் பயன்படுத்தும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பட்டாவில் உள்ள பெயர் வரி செலுத்தும் பொறுப்பைக் காட்டுவது. அதை மட்டும் வைத்து உரிமையாளர் என்று எழுதிவிட முடியாது. கிராமத்துக் குடியிருப்பு நிலம் நத்தம் என்ற தனி வகையாக இருந்ததால், நத்தம் நிலவரித் திட்டம் வரும்வரை அங்குள்ள வீடுகளுக்குப் பட்டாவே இருந்ததில்லை. நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடும் நகராட்சி வரிப் பதிவேடும் உதவும். உதகை நகராட்சி 1866-இலேயே ஏற்பட்டது.

பழைய பத்திரத்தின் தேதியைப் படிக்கும் விதம்

ஆங்கில ஆண்டே இல்லாமல் பிரபவ வருடம் ஆனி மாதம் என்று மட்டும் எழுதிய பத்திரங்கள் கிடைக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் தொடங்கும் எதுவாகவும் இருக்கலாம். எது என்பதை முத்திரைத்தாள் சொல்லும். விக்டோரியா ராணியின் தலை இருந்தால் 1901-க்கு முந்தைய அச்சு. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்கும் 1936-க்கும் இடைப்பட்டது. தாளின் பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய தேதி, வாங்கியவர் பெயர், ஊர் ஆகியவை இருக்கும். பத்திரத்தின் தேதிக்குப் பிறகு வாங்கிய தாளாக இருந்தால், அந்தப் பத்திரத்தை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

வருவாய்க் கணக்குகளில், ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டான பசலி ஆண்டு வரும். அதனுடன் 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டைக் காணலாம். மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825-ஐக் கூட்ட வேண்டும்.

பெரியவர்கள் ஆண்டைச் சொல்லும் விதமும் ஓர் ஆவணமே. தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தின வீடு என்று ஒரு பாட்டி சொன்னால், 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன்பு என்று கொள்ளலாம். ஆனால் 1936-உம் தாது வருடம்தான் என்பதால், பஞ்சம் என்ற சொல்லைப் பாட்டி சொன்னாரா, நாம் சேர்த்துக்கொண்டோமா என்பதைக் குறிப்பேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறி பெயர்களில் இருக்கிறது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால், இன்னாருடைய மகன் இன்னார் என்ற இரண்டு பெயர்களும் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறி மாறி வரும். நூறு ஆண்டுகளில் ஒரே பெயரில் மூவர் அந்த வீட்டை ஆண்டிருக்கலாம். பத்திரத்தில் உள்ள வயதையும் தந்தை பெயரையும் சேர்த்துக் குறிக்காவிட்டால், மூவரும் நம் எழுத்தில் நீண்ட ஆயுள் பெற்ற ஒருவராகிவிடுவார்கள்.

பதிவுச் சட்டத்துக்கு முந்தைய காலம்

இந்தியப் பதிவுச் சட்டம் முதலில் 1864-இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் பயன்படாது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஆய்வின் நோக்கத்தை விளக்கும் கடிதத்துடன் முன் அனுமதி பெற்று, வருவாய் வாரிய நடவடிக்கைகளையும் மாவட்ட ஆட்சியரக ஆவணங்களையும் கேட்கலாம். இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களிலும் இக்காலத்துக்கான பகுதிகள் உள்ளன.

இங்கேதான் நிர்வாக எல்லை பற்றிய அறிவு மிகவும் தேவைப்படுகிறது. நீலகிரி முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1830-இல் மலையின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1843-இல் மீண்டும் கோயம்புத்தூருக்கு வந்தது. 1868-இல் ஓர் ஆணையரின் கீழ்த் தனியாகி, 1882-இல் ஆட்சியரைப் பெற்றது. ஆகவே உதகையின் பழைய வீடு ஒன்றின் கடிதப் போக்குவரத்து மூன்று மாவட்டங்களின் கட்டுகளில் சிதறிக் கிடக்கும். உங்கள் ஊருக்கும் இப்படி ஓர் எல்லை மாற்றப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடினால், இல்லை என்று கைவிட்ட ஆவணங்கள் பல வேறு தலைப்பின் கீழ்க் கிடைக்கும்.

கல் பங்களாவின் நிலத்தை சல்லிவன் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் வாங்கினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. இதில் விலையைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது, வாங்கினார் என்ற சொல். வாங்கினார் என்றால் விற்பதற்கு உரிமையுள்ளவர் ஒருவர் அங்கே இருந்தார் என்று பொருள். மலை நிலம் தோடர்களுக்கே உரியது என்று சல்லிவன் அரசாங்கத்தோடு நீண்ட காலம் வாதாடினார். ஆளுநராக இருந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. அந்த வாதங்கள் அரசு நடவடிக்கைக் குறிப்புகளில் இருப்பதால்தான், பத்திரம் எழுதத் தெரியாத ஒரு சமூகத்தின் உடைமையைப் பற்றி இன்று நம்மால் பேச முடிகிறது. உங்கள் ஊரின் கல் வீட்டுக்குக் கிடைக்கும் மிகப் பழைய பத்திரத்திலும், அது வயலா, மேய்ச்சல் புறம்போக்கா, யார் உழுதுகொண்டிருந்த நிலம் என்பதைத் தேடுங்கள். முதல் பத்திரத்தில் உள்ள பெயர் முதல் உரிமையாளரின் பெயராக இருப்பது அரிது.

அச்சான மூலங்களில், ஃபிரெடெரிக் பிரைஸ் எழுதி 1908-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட உதகை வரலாற்று நூல் வீடு வீடாக உரிமையாளர்களைக் குறிப்பிடுகிறது. எல்லா ஊருக்கும் அத்தகைய நூல் அமையாது. மாவட்டக் கையேடுகள், செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வந்த ஏல அறிவிப்புகள், பழைய நாளிதழ் விளம்பரங்கள் ஆகியவற்றைப் புரட்டிப் பாருங்கள்.

பத்திரத்தில் வராதவர்கள்

பத்திரத்தை மட்டும் நம்பி எழுதினால் வீட்டில் ஆண்கள் மட்டுமே வாழ்ந்ததுபோலத் தோன்றும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பு மகள்களின் பெயர் வருவது அபூர்வம். தான செட்டில்மெண்டு, சீதனமாகக் கொடுத்த சொத்து, விதவையின் ஜீவனாம்ச ஏற்பாடு ஆகியவற்றில்தான் பெண்களின் பெயர்களைத் தேட வேண்டும். கல்லறைகளும் உதவும். சல்லிவனின் மனைவி ஹென்ரியேட்டாவும் மகளும் 1838-இல் இறந்து உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்கள். கல் பங்களாவின் வாழ்க்கையில் பெருந்துயரமான அந்த ஆண்டைச் சொல்வது பத்திரங்கள் அல்ல, கல்லறைக் கல்.

போக்கியத்துக்கு எடுத்துக் குடியிருந்தவர், வாடகைக்கு இருந்த ஆசிரியர், வீட்டைக் காத்த காவலாளி ஆகியோரைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கட்டியது யார் என்று தொடங்காதீர்கள். அதற்குப் பழகிப்போன ஒரே பதில்தான் வரும். எந்த அறையில் பிரசவம் நடந்தது, நெல் மூட்டை எங்கே அடுக்கினார்கள், கிணற்றுக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்டால் ஆட்களும் ஆண்டுகளும் தாமாக வரும். சொத்து வழக்கு நடக்கும் குடும்பமாக இருந்தால், நீங்கள் யாருக்காகவும் ஆவணம் திரட்டவில்லை என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் கடனையும் சண்டையையும் எழுத்தில் கொண்டுவராதீர்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வீடு அவருக்கு வந்த வழி, வந்த ஆண்டு, போன வழி, போன ஆண்டு, ஆதாரம் ஆகியவற்றை எழுதுங்கள். நிலம் வாங்கிய ஆண்டு, கட்டத் தொடங்கிய ஆண்டு, குடிபுகுந்த ஆண்டு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. கட்டிய ஆண்டு என்று ஒரே சொல்லில் அடக்காதீர்கள். ஆவணத்தில் கண்டதை ஒரு மையிலும் வாய்மொழியாகக் கேட்டதை வேறு மையிலும் எழுதினால், பத்து ஆண்டு கழித்துத் திருத்த வருகிறவருக்கு உதவும். விடுபட்ட தலைமுறைக்கு வெற்றுப் பக்கத்தை அப்படியே விட்டுவையுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமும் மற்றொன்றை ஊர் நூலகத்திலும் கொடுங்கள்.

கல் பங்களாவுக்கு நான் இப்படி ஓர் ஏடு தொடங்கினேன். அதன் முதல் பக்கத்தில் தோடர்கள் என்று எழுதியிருக்கிறேன். சல்லிவன் இரண்டாம் பக்கத்தில் வருகிறார்.